யாழ்ப்பாணத்தில் வேர்பிடித்த அமெரிக்கர்கள்

1816இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த அமெரிக்கத் திருச்சபை ஊழியர்கள் முதலில் போக நினைத்த ஊர் அதுவல்ல. அவர்களை அனுப்பிய சங்கத்தின் கண் இந்தியாமீதும் பர்மாமீதும்தான் இருந்தது. 1812 பிப்ரவரியில் மாசசூசெட்ஸின் சேலம் துறைமுகத்தில் கப்பலேறிய முதல் அணி கல்கத்தாவில் கால் வைத்ததுமே, கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களை வெளியேறச் சொல்லிவிட்டது. மதம் பரப்ப வருகிறவர்களைக் கம்பெனிக்கு ஆகாது. போதாக்குறைக்கு அதே ஆண்டில் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. அந்த அணியில் இருந்த சாமுவேல் நியூவெல் தம் இளம் மனைவி ஹேரியட்டோடு மொரீஷியஸுக்குக் கிளம்பினார். கடற்பயணத்தில் பிறந்த குழந்தை சில நாள்களில் இறந்தது. தாயும் அந்த நவம்பரில் மொரீஷியஸில் இறந்தார். வயது 19.

தனியாளாகிப்போன நியூவெல் 1813இல் இலங்கைக்கு வந்தார். இலங்கை கம்பெனியின் பிடியில் இல்லை. பிரிட்டிஷ் அரசின் நேரடி ஆட்சியில் இருந்தது. ஆளுநர் ராபர்ட் பிரவுன்ரிக் அவரைத் தடுக்கவில்லை. வடக்கே போய் யாழ்ப்பாணத்தைப் பார்த்த நியூவெல், ஆட்களை அங்கே அனுப்பலாம் என்று தாய்ச் சங்கத்துக்கு எழுதினார். தமிழ் படித்துவிட்டால் பாக்கு நீரிணைக்கு அக்கரையில் உள்ளவர்களோடும் பேசலாம் என்பது அவர் கணக்கு.

அப்படித்தான் 1815 அக்டோபர் 23 அன்று நியூபரிபோர்ட்டிலிருந்து ‘டிரையட்’ என்ற கப்பல் புறப்பட்டது. டேனியல் பூர், பெஞ்சமின் மெய்க்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், எட்வர்ட் வாரன் ஆகியோர் அதில் இருந்தார்கள். வாரனைத் தவிர மற்றவர்கள் புதிதாக மணமானவர்கள். ஐந்து மாதம் கடலில் கழித்து 1816 மார்ச் 22 அன்று கொழும்பில் இறங்கினார்கள். சில மாதம் கழித்து யாழ்ப்பாணம் போனார்கள். சங்கம் அவர்களுக்குத் தந்தது பிழைப்புக்கான படி மட்டுமே. எத்தனை ஆண்டு என்ற கெடு கிடையாது. போனால் ஆயுள் முழுக்க என்பதுதான் எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஏற்பாடு.

ரிச்சர்ட்ஸ் என்ற பெயரைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 1806 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர் ஐந்து பேர், இடியும் மழையும் வந்தபோது ஒரு வைக்கோற்போரின் ஓரமாக ஒதுங்கி, வெளிநாடுகளுக்குப் போய் ஊழியம் செய்வதைப் பற்றிப் பேசி ஜெபித்தார்கள். அமெரிக்காவின் வெளிநாட்டு ஊழிய வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்த மழை நாளிலிருந்துதான் தொடங்குகிறார்கள். இடத்தில் நினைவுத்தூண்கூட நிற்கிறது. அந்த ஐவரில் ஒருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். அவர் 1822இல் தெல்லிப்பழையில் இறந்தார்.

வந்தவர்களுக்கு அரசு கொடுத்தது இடிபாடுகளை. தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் போர்த்துக்கேயர் காலத்தில் எழும்பி, ஒல்லாந்தர் காலத்தில் திருத்தப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட தேவாலயங்கள் இருந்தன. தடித்த முருகைக்கல் சுவர்கள் நின்றன, கூரை இல்லை. பக்கத்தில் இருந்த போதகர் வீடுகளும் அதே கதியில். பூரும் வாரனும் தெல்லிப்பழைக்குப் போனார்கள். மெய்க்ஸும் ரிச்சர்ட்ஸும் வட்டுக்கோட்டைக்கு. முதல் வேலை போதகம் அல்ல, கூரை போடுவது. பனைமரச் சட்டத்துக்கும் ஓலைக்கும் கூலியாட்களுக்கும் ஊர்க்காரர்களைத்தான் கேட்க வேண்டியிருந்தது. இந்தச் சின்ன விஷயம் முக்கியமானது என்று நினைக்கிறேன். ஊரில் ஒரு வீட்டுக்குக் கூரை போட எத்தனை பேருடைய தயவு வேண்டும் என்பதை அவர்கள் பிரசங்க மேடை ஏறுவதற்கு முன்பே தெரிந்துகொண்டார்கள்.

ஊராருக்கு இவர்கள் அதிசயமும் அல்லர். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசை முடித்ததிலிருந்து 1795இல் ஆங்கிலேயர் வரும்வரை அங்கே தேவாலயத்தோடு சேர்ந்த அதிகாரம் இருந்தது. ஞானஸ்நானப் பதிவு இல்லாமல் உத்தியோகம் இல்லை, சொத்துரிமைச் சிக்கல் வரும் என்ற நிலையில் மூன்று நான்கு தலைமுறை பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்தது. வீட்டுக்குள் சைவத்தைக் காத்தது. ஒல்லாந்தர் போனதும் கோயில்கள் திரும்ப எழுந்தன. ஆக, அமெரிக்கர்கள் வந்தபோது யாழ்ப்பாணத்தாருக்குப் பாதிரிமாரோடு பழகி இரு நூற்றாண்டு அனுபவம் இருந்தது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம், படிப்பை வாங்கிக்கொள்ளலாம், வீட்டு வழக்கத்தை விட வேண்டியதில்லை என்று அவர்கள் தெளிவாகவே கணக்குப் போட்டார்கள். இந்த அமெரிக்கர்கள் கையில் ஆட்சியோ சட்டமோ இல்லை என்பதும் ஊராருக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது. வந்தவர்கள் கேட்டுத்தான் வாழ வேண்டும். அது இரு தரப்புக்கும் நல்லதாயிற்று.

கேட்பதற்கு மொழி வேண்டும். நியூ இங்கிலாந்தின் கல்லூரிகளில் லத்தீனும் கிரேக்கமும் ஹீப்ருவும் படித்துவிட்டு வந்த இளைஞர்கள், முன்ஷியின், அதாவது மொழி ஆசிரியரின், முன்னால் உட்கார்ந்து அகரத்திலிருந்து தொடங்கினார்கள். லத்தீன் படித்த பழக்கம் இலக்கணத்தைப் புரிந்துகொள்ள உதவியிருக்கும். சந்தையில் மீன்காரி பேசுவதைப் புரிந்துகொள்ள உதவாது. பண்டிதர் கற்றுக்கொடுத்தது செந்தமிழ். வாசலில் வந்து நிற்கிற நோயாளி பேசியது வேறு. இரண்டையும் ஒருசேரப் பழக வேண்டியிருந்தது. ஆரம்பத்தில் பிரசங்கமெல்லாம் மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான். காபிரியேல் திசேரா, பிரான்சிஸ் மல்லியப்பா போன்ற உள்ளூர் இளைஞர்கள் அந்த வேலையைச் செய்தார்கள். பின்னர் அவர்களே உபதேசியார்களாக அங்கீகாரம் பெற்றார்கள். மிஷன் வரலாறுகளில் இவர்கள் ‘உதவியாளர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் கடந்துபோகப்படுகிறார்கள். அந்நியர்கள் வாய் திறந்தபோது ஊர் கேட்டது இவர்களுடைய குரலைத்தான்.

காலநிலை அதன் வேலையைச் செய்தது. வாரன் காசநோயோடு வைத்தியத்துக்காகப் புறப்பட்டு 1818இல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் இறந்தார். பூரின் மனைவி சூசன் 1821இல் போனார். அடுத்த ஆண்டு ரிச்சர்ட்ஸ். இதற்கு நடுவில் 1820இல் இரண்டாவது அணி வந்து சேர்ந்தது: மைரன் வின்ஸ்லோ, லீவை ஸ்போல்டிங், ஹென்றி உட்வர்ட், நியூயார்க் மருத்துவர் ஜான் ஸ்கடர். ஸ்கடர் பண்டத்தரிப்பில் தங்கினார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் பிற்காலத்தில் வேலூரில் மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரியும் நிறுவியவர்.

அந்த ஆண்டே அரசின் மனமும் மாறியது. புதிய நிர்வாகத் தலைவர் எட்வர்ட் பார்ன்ஸ், இனி அமெரிக்கர் யாரும் வரக் கூடாது என்றார். அச்சு வேலைக்காக வந்த ஜேம்ஸ் காரெட் என்பவரை வெளியேற்றினார். அவர் பம்பாய்க்குப் போனார். தடை 1833வரை நீடித்தது. இறந்தவர்களுக்குப் பதில் ஆள் வராத பதின்மூன்று ஆண்டுகள். அச்சு இயந்திரத்தை இயக்க ஆளில்லாத நிலையில், துண்டுப்பிரசுரங்களைப் பள்ளி மாணவர்கள் எழுத்தாணி பிடித்துப் பனையோலையில் பிரதியெடுத்தார்கள். இந்தத் தடையால் மிஷன் நலிந்திருக்கும் என்றுதான் தோன்றும். நடந்தது வேறு. ஆள் வராததால் உள்ளூர் ஆட்களைப் பயிற்றுவிப்பதைத் தவிர வழியில்லாமல் போனது. வட்டுக்கோட்டை செமினரி என்ற விடுதிக் கல்லூரி 1823இல் தொடங்கியதும், உடுவில் பெண்கள் பள்ளி 1824இல் தொடங்கியதும் இந்த வறண்ட காலத்தில்தான்.

செமினரியின் முதல் சிக்கல் சோறு. விடுதியில் சேர்ந்த சைவ வேளாளர் வீட்டுப் பிள்ளைகள் மிஷன் வளவுக்குள் சமைத்ததைச் சாப்பிட மறுத்தார்கள். கடைசியில் பக்கத்தில் சைவர் ஒருவருடைய காணியில் குசினி போட்டார்கள். பாடம் இந்தப் பக்கம், சாப்பாடு அந்தப் பக்கம். காலப்போக்கில் குசினி வளவுக்குள் வந்தது. ஆனால் சாதிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்ற கேள்வி வேலியைத் தாண்டி வந்து உள்ளேயே தங்கிவிட்டது. பிள்ளைகள் வர வேண்டும் என்பதற்காகத் தொடக்கத்தில் கொடுத்த இடத்தைப் பிறகு திரும்ப எடுப்பது எளிதாக இல்லை. செமினரியில் படித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வேளாளர்கள். கல்வியின் பலன் ஊரின் மேல்தட்டிலேயே தங்கியது என்ற குறை நியாயமானது; அந்தக் குறைக்கு முதல் தவணை அந்தக் குசினியில் கட்டப்பட்டது.

பெயர் விஷயம் இன்னும் கூர்மையானது. அமெரிக்கச் சபைகளும் தனிநபர்களும் ஒவ்வொரு மாணவருக்கும் பணம் அனுப்பினார்கள்; பணம் தந்தவர் சொல்லும் பெயர் அந்தப் பையனுக்கு இடப்பட்டது. விசுவநாதபிள்ளை கரோல் ஆனார். சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனார். சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனார். சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரம்பிள்ளைக்குச் சார்லஸ் வைமன் கிங்ஸ்பரி என்று பெயர். கொடுத்தவர்களுக்கு அது அன்பின் அடையாளமாக இருந்திருக்கலாம். பத்து வயதில் தன் பெயரைக் கழற்றி வைக்கச் சொல்லப்பட்ட பிள்ளையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அதை அன்பென்று மட்டும் சொல்லிவிட முடியாது. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் ஆனார்கள். தாமோதரம்பிள்ளை பின்பு சைவத்துக்குத் திரும்பி, சொந்தப் பெயரில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். அவருடைய மகன் அழகசுந்தரமோ பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்ற பெயரில் போதகராகவும் தமிழறிஞராகவும் விளங்கினார். அப்பா விட்ட பெயரை மகன் வைத்துக்கொண்டார்.

உடுவில் பெண்கள் பள்ளியைத் தொடங்கியவர் வின்ஸ்லோவின் மனைவி ஹேரியட். கனெக்டிகட்டின் நார்விச் ஊரில் லாத்ரப் குடும்பத்தில் பிறந்தவர். இவருடைய தங்கையர் மூவரும் அடுத்தடுத்து ஊழியர்களை மணந்து இதே மிஷனுக்கு வந்தார்கள் என்பது அந்தக் குடும்பத்தின் கதை. பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட ஊரில், படித்தால் யார் கட்டிக்கொள்வார்கள் என்பதுதான் உண்மையான கேள்வி. மிஷன் அதற்கு ஊர் வழியிலேயே பதில் சொன்னது: படிப்பை முடிக்கிற பெண்ணுக்குச் சிறு சீதனம் கொடுத்தார்கள். சீதனத்தை எதிர்த்துப் பேச வந்திருக்க வேண்டியவர்கள் அதையே கொடுத்தார்கள் என்று இன்று குறை சொல்லலாம். கையில் எழுத்தாணியோடு வீட்டுக்குத் திரும்பிய அந்த முதல் தலைமுறைப் பெண்களை நினைத்தால் எனக்கு அந்தக் குறையைச் சொல்ல மனம் வருவதில்லை.

ஹேரியட் வின்ஸ்லோ 1833 ஜனவரியில் இறந்தார். உடுவிலில் 1829இல் பிறந்த அவருடைய மகளுக்கும் தாயின் பெயரே. அந்தப் பெண் பிற்பாடு ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற சென்னை மிஷனரியை மணந்தார். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் ஒருவர் அமெரிக்க வெளியுறவுத் துறைச் செயலாளர் ஜான் பாஸ்டர் டல்லஸ், இன்னொருவர் சி.ஐ.ஏ.யின் தலைவராக இருந்த ஆலன் டல்லஸ். பனிப்போர்க் காலத்து அமெரிக்காவை நடத்திய இந்தச் சகோதரர்களின் பாட்டி பிறந்த ஊர் உடுவில்.

மிஷனரிகளின் பிள்ளைகளுக்கு இந்த ஏற்பாடு கொடுமையானதாக இருந்தது. படிக்கிற வயது வந்ததும் அவர்களை அமெரிக்காவுக்குக் கப்பலேற்றினார்கள். ஐந்து மாதப் பயணம். உறவினர் வீட்டில் வளர்ப்பு. பெற்றோர் பலர் அந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கண்ணால் காணவே இல்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திக்கொண்டே தம் பிள்ளைகளைத் துறைமுகத்தில் வழியனுப்பிய அந்தத் தாய்மாரின் நிலைமையைப் பற்றிச் சங்கத்தின் அறிக்கைகள் அதிகம் பேசுவதில்லை.

எலைசா ஆக்னியூவுக்கு அந்தத் துயரம் இல்லை. மணம் செய்துகொள்ளாமல் 1840இல் நியூயார்க்கிலிருந்து வந்தவர். அப்போது வயது 32. உடுவில் பள்ளிப் பொறுப்பை ஏற்று 1879வரை நடத்தினார். ஒருமுறைகூட விடுமுறைக்குத் தாய்நாடு போகவில்லை. விடுதிப் பெண்களோடு அதே வளவில் வாழ்ந்தார். நேரம் கிடைத்தபோதெல்லாம் மணமாகிப் போன பழைய மாணவிகளின் வீடுகளுக்கு ஊர் ஊராகப் போய் வருவார். முதலில் தாயையும், பிறகு அவள் மகளையும், கடைசியில் பேத்தியையும் படிப்பித்த வீடுகள் இருந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அவரிடம் படித்தார்கள். ஆயிரம் புத்திரிகளின் தாய் என்று அவரைச் சொல்வார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அமெரிக்காவுக்குக் கப்பலேற நினைக்கவில்லை. வெர்மான்டிலிருந்து புதிதாக வந்த லீச் சகோதரிகளோடு மானிப்பாயில் தங்கி, 1883இல் அங்கேயே காலமானார். 43 ஆண்டுகள். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் உள்வீட்டுச் செய்திகளை அவரைப்போல் அறிந்த வேற்று நாட்டார் வேறொருவர் இருந்திருக்க முடியாது.

ஊர்க்காரர்கள் வெறுமனே வாங்கிக்கொண்டவர்கள் என்று எண்ணக் கூடாது. 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. வட்டுக்கோட்டை விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கம் பேர்பெற்றது. அதில் கணித்திருந்த நேரத்துக்கும் அளவுக்கும் தமது கணிதத்துக்கும் வேறுபாடு இருப்பதைப் பூர் முன்கூட்டியே சொல்லி, எல்லோரையும் பார்க்கச் சொன்னார். கிரகணம் பூர் சொன்னபடி அமைந்தது. மிஷன் எழுத்துகள் இதைப் பெரிய வெற்றியாகக் கொண்டாடின. வேறுபாடு சிறியது என்பதை அவை அழுத்திச் சொல்வதில்லை. தொலைநோக்கியோ அச்சிட்ட அட்டவணையோ இல்லாமல், மனக்கணக்கும் வாய்பாடுமாக ஒரு கிராமத்துக் கணிதர் அவ்வளவு நெருங்கியிருந்தார். பார்க்க வந்த மாணவர்கள் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள்: புதிய கணிதத்தையும், தங்கள் ஊர்க் கணிதரின் திறமையையும்.

எல்லோரையும்விடக் கெட்டியாக எடுத்துக்கொண்டவர் ஆறுமுக நாவலர். அவர் படித்ததும் படிப்பித்ததும் வெஸ்லியன் மிஷன் பள்ளியில். பீற்றர் பேர்சிவல் பாதிரியாரோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தார். பிறகு அங்கிருந்து விலகி 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கினார், அச்சகம் நிறுவினார், கோயிலில் பிரசங்கம் செய்தார், எளிய உரைநடையில் பாலபாடம் எழுதினார். மிஷனரிகளின் கருவிகள் ஒவ்வொன்றும் மிஷனுக்கு எதிராக நின்றன. மிஷன் தரப்பிலும் பண்டிதர்கள் இல்லாமல் எதுவும் நடக்கவில்லை. 1842இல் மானிப்பாயில் அச்சான தமிழ் அகராதியைத் தொகுத்தவர் சந்திரசேகர பண்டிதர். 1862இல் சென்னையில் வெளிவந்த வின்ஸ்லோ அகராதியின் 67,000 சொற்களுக்குப் பின்னாலும் பல ஆண்டுகளாகத் திரட்டிக் கொடுத்த தமிழ்ப் பண்டிதர்கள் இருந்தார்கள். அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது.

நாவலர் பிறந்த அதே 1822இல் மாசசூசெட்ஸின் வூஸ்டரில் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். இவருடைய அண்ணன் ஆண்ட்ரூ கிறீன், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க் உருவாக முன்னின்றவர்களில் ஒருவர். தம்பி மருத்துவம் படித்து 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தத் தொடங்கினார். கூடவே இளைஞர்களுக்கு மருத்துவமும் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்து முடித்தவர்களை அரசாங்க உத்தியோகம் அழைத்துக்கொண்டது. கொழும்புக்கும் வெளி மாகாணங்களுக்கும் போய்விட்டார்கள். வாந்திபேதி வந்தால் கிராமத்தில் பார்க்க ஆளில்லை. அந்த நோயின் கொடுமை மிஷனுக்கே தெரியும். 1855இல் டேனியல் பூரைக் கொண்டுபோனதும் அதுதான். ஊரில் தங்கும் வைத்தியர் வேண்டுமென்றால் ஊர் மொழியில் படிப்பிக்க வேண்டும் என்று கிறீன் முடிவு செய்தார்.

அதற்குப் புத்தகம் இல்லை. ஆகவே புத்தகங்களைச் செய்தார்கள். செய்முறை இப்படி: ஆங்கிலம் தெரிந்த மாணவர் ஒருவர் பகுதி பகுதியாகத் தமிழில் எழுதுவார், கிறீன் அதை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுவார், உடலின் உறுப்புக்கும் நோய்க்கும் மருந்துக்கும் தமிழ் வைத்திய நூல்களில் ஏற்கெனவே பெயர் உண்டா என்று தேடுவார்கள், இருந்தால் அது, இல்லையேல் வடமொழி, அதுவும் பொருந்தாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில். ஒரே சொல் எல்லாப் புத்தகத்திலும் ஒரே பொருளில் வர வேண்டும் என்பதற்காகச் சொற்பட்டியல்களை வைத்திருந்தார். சாப்மன், டான்போர்த் போன்ற மிஷன் பெயர் கொண்ட யாழ்ப்பாணத்து மாணவர்கள் இந்த வேலையில் தோள் கொடுத்தார்கள். 1857இல் பிரசவ வைத்தியம், 1867இல் இரண வைத்தியம் (அறுவை மருத்துவம்), 1872இல் மனுஷ அங்காதிபாதமும் (உடற்கூற்றியல்) வைத்தியாகரமும் (பொது மருத்துவம்), 1875இல் கெமிஸ்தம் (வேதியியல்). மொத்தம் 4,000 பக்கங்களுக்கு மேல். அவரிடம் பயின்று வைத்தியரானவர்கள் 60க்கும் மேற்பட்டோர். அவர்களில் பாதிக்கும் மேலானவர்கள் முழுக்க முழுக்கத் தமிழில் படித்தவர்கள். தமிழில் மருத்துவக் கல்வி முடியுமா என்று இன்றும் மேடைகளில் கேட்கிறோம். மானிப்பாயில் அது 150 ஆண்டுகளுக்கு முன்பே வகுப்பறையில் நடந்துவிட்டது.

கிறீனுக்கு இன்னொரு பிடிவாதம் இருந்தது. கிறிஸ்தவனாவதற்குத் தமிழன் கால்சட்டையும் தொப்பியும் மாட்ட வேண்டியதில்லை என்பார். தம் மாணவர்கள் துரைமாரைப்போல் உடுத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை. மாணவர்களில் சிலருக்கு இது பிடித்திருக்காது. கோட்டுப் போட்டவனுக்குத்தான் அரசாங்கக் கச்சேரியில் மதிப்பு என்பது அவர்கள் அன்றாடம் கண்டது. வேட்டியில் இருக்கச் சொல்வதும் ஒரு வெள்ளைக்காரர் கொடுக்கிற கட்டளைதானே என்று அவர்கள் எண்ணியிருந்தால் அதிலும் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தக் காலத்தில் அப்படி நினைத்த மிஷனரிகள் மிகச் சிலரே.

உடல்நிலை காரணமாகக் கிறீன் 1873இல் வூஸ்டருக்குத் திரும்பினார். மொழிபெயர்ப்பு நிற்கவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து கையெழுத்துப் பிரதிகள் கடல்கடந்து போயின; திருத்தங்கள் திரும்பி வந்தன. உடலியங்கியல் நூலான மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தபோது அவர் மானிப்பாயை விட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தது. அடுத்த ஆண்டு இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்றே வூஸ்டர் கல்லறைக் கல்லில் பொறித்திருக்கிறது. மானிப்பாய் வைத்தியசாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பாஸ்டனிலிருந்த தலைமைக்கு யாழ்ப்பாணம் எப்போதும் அவ்வளவு தெளிவாகத் தெரிந்ததில்லை. 1855இல் சங்கத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன் நேரில் வந்து பார்த்துவிட்டு, செமினரியின் ஆங்கிலப் படிப்பு உத்தியோகஸ்தர்களைத்தான் உண்டாக்குகிறது, ஊழியர்களை அல்ல என்றார். செமினரி மூடப்பட்டது. அவர் சொன்னதில் உண்மை இருந்தது. எடுத்த முடிவில் ஊராரின் விருப்பத்துக்கு இடமில்லை. மூடியதைத் திறக்க வேண்டும் என்று விடாமல் நின்றவர்கள் அங்கே படித்த யாழ்ப்பாணத்தார். அவர்கள் முயற்சியால் 1872இல் அதே வட்டுக்கோட்டை வளவில் யாழ்ப்பாணக் கல்லூரி பிறந்தது. பக்கத்திலிருந்த பழைய தேவாலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாணப் பேராயத்துக்குப் பேராலயம்.

அதற்குள் யாழ்ப்பாணத்துச் சபைகளே ஆள் அனுப்பத் தொடங்கிவிட்டன. 1847இல் அமைந்த உள்ளூர்ச் சங்கம் நெடுந்தீவு முதலான தீவுகளுக்கு ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் அனுப்பியது. 1900இல் மாணவர்கள் ஒரு வெளிநாட்டு ஊழியச் சங்கம் கண்டு, பாக்கு நீரிணைக்கு அக்கரையில் ராமநாதபுரம் சீமையின் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பினார்கள்.

1902இல் ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக யாழ்ப்பாணம் வந்த திருநெல்வேலிக்காரர் வேதநாயகம் சாமுவேல் அசரியாவை இதுதான் உலுக்கியது. சின்னஞ்சிறு யாழ்ப்பாணச் சபை கடல்தாண்டி ஆள் அனுப்புகிறது. பல்லாயிரம் கிறிஸ்தவர்கள் இருக்கும் திருநெல்வேலி யாரையும் அனுப்பவில்லை. ஊர் திரும்பியவர் 1903 பிப்ரவரியில் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்க முன்னின்றார். ஆட்கள், பணம், நிர்வாகம் மூன்றும் இந்தியருடையதே என்பது அதன் விதி. நிஜாம் ஆட்சியிலிருந்த தோர்ணக்கல் பகுதியை அந்தச் சங்கம் தன் களமாக எடுத்துக்கொண்டது. அங்கே பேசுவது தெலுங்கு. அங்கே போன நெல்லைத் தமிழர்கள் முதலில் மொழி படிக்க உட்கார்ந்தார்கள். 1909இல் அசரியாவே மனைவி மக்களோடு தோர்ணக்கல் போய்ச் சேர்ந்தார்; வீடு கிடைக்கும்வரை கூடாரத்தில் தங்கினார்.